தொட்டதும் மாறும் நிறம்

இரண்டு வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு முந்தைய வாரம் தாய்மாமா அழைத்தார். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் வருவதற்குக் கைப்பேசியில் பஸ் டிக்கெட் எடுத்திருந்தார். நான் அப்போது வேலை செய்த நிறுவனத்தின் செயலி அது. அதில் இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கத்தை எழுதியவன் நான்தான் என்று அம்மா குடும்ப வாட்சாப் குழுவில் ஏற்கெனவே பறைசாற்றியிருந்தார்.

"டேய், நான் ஒரு ஆளுதானே வர்றேன்? உன் ஆப்பு எதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கு?"

ஒரு டிக்கெட் 40 வெள்ளி. பண்டிகைக் காலத்தில் பணம் திரும்பக் கிடைக்காது. "பணம் கட்டுற பக்கத்துல மொத்தம் எவ்ளோன்னு பாக்கலையா மாமா?" என்று கேட்டேன். பொறியாளர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது. தப்பு எங்கே இருந்தாலும் முதலில் பயனரின் விரலைப் பார்ப்போம்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் செயலியைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 12ஆம் இருக்கையைத் தொட்டார். வெளிர்பச்சையாக இருந்த கட்டம் ஆரஞ்சாக மாறியது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு 13ஐத் தொட்டார். அதுவும் ஆரஞ்சானது. அவர் இன்னமும் ஏதாவது நடக்கும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குச் சிவப்பு, பச்சை சார்ந்த நிறங்கள் சரியாகப் பிரிந்து தெரியாது. இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. எங்கள் வீட்டில் பல முறை சொல்லிச் சிரித்த கதை அது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகள்தான் கனவு. எண்பதுகளில் மாமாவும் ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனார். கையில் ஒரு பிடி மின்தடைகளைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னார்களாம். மின்தடையின் மதிப்பு அதன்மேல் உள்ள வண்ணப்பட்டைகளில் இருக்கிறது: பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5. மாமா பிரித்து வைத்த குவியலைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டாராம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்து, அதே மின்தடைப் பட்டைகளைப் பல்கலைக்கழகத்தில் மனப்பாடம் செய்து, பொறியாளன் ஆகி, வெளிர்பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சை வைத்துவிட்டு வந்து நின்றேன்.

அன்றிரவு எனக்கு வந்த கேள்வி இதுதான். தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு என்ன நிறம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? என்னைக் கேட்டால் வடிவமைப்பாளர் அனுப்பிய கோப்பில் அப்படி இருந்தது என்பேன். அவரைக் கேட்டால் பிராண்டின் நிறம் என்பார். அதற்கு முன்? தேடிப் பார்க்கும்போது ஒரு சின்ன வரலாறு கிடைத்தது. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிறமே இல்லை.

நம் ஊரில் போட்டோஸ்டாட் என்கிறோம், தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் என்பார்கள். அந்த ஜெராக்ஸ் நிறுவனம்தான் 1981இல் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையில் சின்னச் சின்னப் படங்கள், அவற்றைச் சுட்ட ஒரு மவுஸ். இன்று நாம் பழகிய பலவும் அதில் இருந்தன. திரை கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது தலைகீழாகும், அதாவது கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கிண்டாஷும் இதையே செய்தது.

மெக்கிண்டாஷின் திரை 512க்கு 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு பிட், எரிகிறதா இல்லையா என்பது மட்டும். முழுத் திரைக்கும் 21,888 பைட்டுகள் போதும். மொத்த நினைவகமே 128 கிலோபைட்தான் என்பதால் சிக்கனம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுத்த எழுத்துகளைத் தனியாகக் காட்ட, அந்த இடத்துப் பிட்டுகளை எல்லாம் புரட்டிப்போடுவார்கள். பழையது என்னவாக இருந்தது என்று எங்கும் குறித்துவைக்க வேண்டியதில்லை. தேர்வை விலக்க அதே செயலை இன்னொரு முறை செய்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். போடுவதும் எடுப்பதும் ஒரே கட்டளை. நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் பொறாமை வரும்.

அந்தத் திரையை மாமாவிடம் கொடுத்திருந்தால் 12ஆம் இருக்கை வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே கறுப்பாக நின்றிருக்கும். யாரும் அவரை நினைத்து அப்படிச் செய்யவில்லை. வேறு வழி இல்லாததால் செய்தார்கள். அணுகல் என்ற சொல்லைக்கூட அப்போது இந்தப் பொருளில் யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் என்னுடைய பக்கத்தைவிட அது அவருக்கு நல்ல பக்கமாக இருந்திருக்கும்.

பிறகு நிறம் வந்தது. 1987இல் மெக்கிண்டாஷ் 2 வந்தபோது வண்ணத் திரையில் பிட்டுகளைப் புரட்டினால் என்ன நிறம் வரும் என்று சொல்ல முடியாத நிலை. நீலத்தைப் புரட்டினால் மஞ்சள், அதன்மேல் எழுத்து வேறு ஏதோ ஒன்று. அதனால் வரைகலை நிரலில் ஒரு புதிய முறையைச் சேர்த்தார்கள். அது பின்னணிப் புள்ளிகளை மட்டும் தேர்வு நிறத்துக்கு மாற்றும், எழுத்து கறுப்பாகவே இருக்கும். மஞ்சள் ஹைலைட்டரால் புத்தகத்தில் கோடு இழுப்பது போல. அந்தத் தேர்வு நிறம் எது என்பதைக் கணினியின் சொந்தக்காரரே மாற்றிக்கொள்ளலாம். 1991இன் சிஸ்டம் 7இல் அதற்கென்றே நிறங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகை இருந்தது.

விண்டோஸிலும் அப்படித்தான். தேர்ந்தெடுத்ததன் பின்னணிக்கு ஒரு நிறம், அதன்மேல் வரும் எழுத்துக்கு ஒரு நிறம் என்று இரண்டு பெயர்கள் அமைப்பிலேயே இருந்தன. நல்ல நிரல் எழுதுகிறவர் தன் நிரலில் நீலம் என்று எழுதமாட்டார், அமைப்பின் தேர்வு நிறம் எதுவோ அது என்று எழுதுவார். உட்கார்ந்திருப்பவர் எதை வைத்திருந்தாலும் நிரல் அதற்குப் பணியும். விண்டோஸ் 3.1இல் ஹாட் டாக் ஸ்டாண்ட் என்று ஒரு வண்ணத் தொகுப்பு உண்டு. சிவப்பும் மஞ்சளும் கண்ணைப் பிடுங்கும். இன்றுவரை அதை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். எனக்கென்னவோ அது கிண்டலுக்குரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் திரையை அவ்வளவு அசிங்கமாக வைத்துக்கொள்ளக்கூட அன்றைக்கு உரிமை இருந்திருக்கிறது.

இணையத்தின் நீலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1993இல் மொசாயிக் உலாவி இணைப்புகளுக்கு நீலம் கொடுத்தது, கூடவே அடிக்கோடும் போட்டது. சிவப்பு, பச்சைப் பிரிவினையில் சிக்கல் உள்ளவர்களுக்கும் நீலம் பொதுவாகத் தனித்துத் தெரியும். நிறமே தெரியாவிட்டாலும் அடிக்கோடு காப்பாற்றும். பிற்பாடு அழகுக்காக நாம் முதலில் தூக்கி எறிந்தது அடிக்கோட்டைத்தான்.

கைப்பேசி வந்தபோது இந்த உரிமை கைமாறியது. முதல் ஐபோன் 2007இல் வந்தது. அடுத்த ஆண்டு வெளியாட்களும் செயலி எழுத அனுமதி கிடைத்தபோது, பட்டியலில் ஒரு வரிசையைத் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பதற்கு நிரலாளருக்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன: நீலம், சாம்பல், ஒன்றுமில்லை. அவ்வளவுதான். வேறு நிறம் வேண்டுமென்றால் அந்த வரிசைக்குப் பின்னால் வைக்கத் தனியாக ஒரு காட்சியை நாமே செய்து கொடுக்க வேண்டும். பயனருக்கோ எந்த வாய்ப்பும் இல்லை. மேசைக் கணினியில் சொந்தக்காரர் கையில் இருந்த சாவி, கைப்பேசியில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

ஆண்ட்ராய்டு கொஞ்சம் கலவரமான வீடு. தொடக்கக் காலக் கைப்பேசிகளில் உருட்டும் குமிழ் இருந்தது. அதை உருட்டினால் நாம் நிற்கும் இடம் ஆரஞ்சாக ஒளிரும். தயாரிப்பு நிறுவனங்கள் ஆளாளுக்கு அதைத் தங்கள் நிறத்துக்கு மாற்றிக்கொண்டன. 2011இல் ஹோலோ என்ற தோற்றத்தோடு கூகிள் ஒரு வெளிர்நீலத்தைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 4.0 முதல், கூகிளின் செயலிச் சந்தை வேண்டுமென்றால் இந்த ஹோலோ தோற்றத்தை மாற்றாமல் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும் என்று 2012 ஜனவரியில் அறிவித்தார்கள். தயாரிப்பாளர் வேறு நிறம் பூசிக்கொள்ளலாம், ஆனால் ஹோலோவைக் கேட்டு எழுதிய செயலிக்கு எல்லாக் கைப்பேசியிலும் அதே நீலம் கிடைக்க வேண்டும்.

அந்த நீலம் பிடிக்காத செயலிக்காரர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஒரு சிறிய தேர்வுப் பெட்டியின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் படங்களாக வரைய வேண்டும். டிக் போட்டது, போடாதது. அவை ஒவ்வொன்றும் சாதாரணமாக இருக்கும்போது, விரல் அழுத்தும்போது, செயலிழந்திருக்கும்போது. இவை அனைத்தும் மறுபடி ஒவ்வொரு திரை அடர்த்திக்கும். அலுவலகத்தில் என் மூத்தவர் ஒருவர் இன்னும் அந்தப் படக்கோப்புறையை வைத்திருக்கிறார், போரில் வாங்கிய காயத்தைக் காட்டுவது போலக் காட்டுவார்.

2013இல் ஐஓஎஸ் 7 வந்தது. ஒரு காட்சிக்கு ஒரு சாயல் நிறம் கொடுத்தால் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் அது தானாக இறங்கும். பொத்தான், தாவல், தேர்வு அடையாளம் எல்லாம் ஒரே வரியில் முடிந்தது. அடுத்த ஆண்டு மெட்டீரியல் வடிவமைப்போடு வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதே வசதியைத் தந்தது. அழுத்த நிறம் என்று ஒன்றை எழுதிவிட்டால் தேர்ந்தெடுத்தவை எல்லாம் அந்த நிறத்துக்குப் போய்விடும். நிரலாளர்களுக்குக் கொண்டாட்டம். நிறுவனங்களுக்கு இன்னும் பெரிய கொண்டாட்டம். லோகோவின் நிறம் இப்போது ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொரு சொடுக்கியிலும் நுழைந்துவிட்டது. சாவி மூன்றாவது முறையாகக் கைமாறிவிட்டது, இந்த முறை விளம்பரத் துறையிடம்.

அதே ஐஓஎஸ் 7இல் ஒரு சின்ன இழப்பும் நடந்தது. பழைய ஐபோனின் ஆங்கிலச் சொடுக்கியில் ஆன், ஆஃப் என்ற சொற்கள் எழுதியிருக்கும். புதியதில் அவை போய்விட்டன. வெறும் பச்சை, வெறும் வெள்ளை. அடையாளக் குறி வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் இருந்தேன், நானும் பாராட்டியிருப்பேன்.

இந்தக் காலத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. 2008 டிசம்பரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகலுக்கான வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பிலேயே, ஒரு தகவலைச் சொல்ல நிறம் மட்டுமே வழியாக இருக்கக் கூடாது என்று உண்டு. 2018இல் வந்த 2.1 பதிப்பு, ஒரு கட்டுப்பாட்டின் நிலையைக் காட்டும் அடையாளம் அடுத்திருக்கும் நிறத்தோடு குறைந்தது 3:1 வேறுபாட்டில் இருக்க வேண்டும் என்றது. வெளிச்ச அளவை வைத்துக் கணக்கிடும் விகிதம் இது. ஒரே நிறம் என்றால் 1:1, கறுப்பும் வெள்ளையும் 21:1.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் இருக்கைப் பக்கத்தைக் கணக்கிட்டேன். காலி இருக்கைக்கு நாங்கள் வைத்திருந்தது மெட்டீரியல் பட்டியலின் லைட் கிரீன் 500. தேர்ந்தெடுத்ததற்கு அதே பட்டியலின் ஆரஞ்சு 500, பிராண்டுக்கு மிக நெருக்கமானது. விகிதம் 1.03:1 என்று வந்தது. தட்டச்சில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே எண். எனக்கு வானுக்கும் மண்ணுக்குமாகத் தெரிந்த இரண்டு நிறங்கள், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். சாயலைப் பிரித்தறிய முடியாதவருக்குப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. மாமா கவனக்குறைவாக இருந்தார் என்ற என் எண்ணம் அந்த இடத்தில் முடிந்தது.

நிறக்குருடு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது இருள் இல்லை. இங்கிலாந்தின் வேதியியலாளர் ஜான் டால்டன் 1794இல் மான்செஸ்டரில் தன் சொந்தக் கண்களைப் பற்றியே ஒரு கட்டுரை வாசித்தார். அவரும் அவர் சகோதரரும் நிறங்களை மற்றவர்களைப் போலப் பார்க்கவில்லை. தான் இறந்த பிறகு கண்களை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பாதுகாக்கப்பட்ட அந்தத் திசுவிலிருந்து 1995இல் மரபணுவை ஆராய்ந்து, பச்சை ஒளிக்கான கூம்பு அணுக்களின் நிறமி அவரிடம் இல்லை என்று கண்டார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களை 1917இல் வெளியிட்டவர் ஜப்பானின் ஷினோபு இஷிஹரா. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வேலையிலிருந்து பிறந்தது அது. இங்கே கார் லைசன்ஸுக்கான கணினித் தேர்விலும் அந்த மாதிரிப் புள்ளி வட்டங்கள் வரும். எனக்கு எல்லா எண்ணும் தெரிந்தன. அப்போது ஏனோ ஒரு நிம்மதி. இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அம்மா வழியாகத்தான் மகனுக்கு வரும். தாய்மாமனிடமிருந்து சீர் மட்டும் வருவதில்லை, இதுவும் வந்திருக்கலாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்பார்கள். பஸ் நிறைய ஆட்களை வைத்து யோசித்தால் அது சின்ன எண் இல்லை.

நிறத்தை மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாகப் பெரிய வேலையே இல்லை. ஆண்ட்ராய்டில் ஒரு கோப்பு, அதில் தேர்ந்தெடுத்த நிலைக்கு ஒரு நிறம், மற்ற நேரத்துக்கு ஒரு நிறம். அமைப்பு மேலிருந்து கீழாகப் படித்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். மற்ற நேரத்துக்கான வரியை மேலே எழுதிவிட்டால் அது எப்போதும் பொருந்தும், தேர்வு நிறம் வரவே வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதில் எனக்கு அரை நாள் போயிருக்கிறது. ஐபோனில் பட்டைத் தேர்வியின் தேர்ந்தெடுத்த பகுதிக்கென்று தனி நிறம் கொடுக்கும் வசதி 2019இல் ஐஓஎஸ் 13இல்தான் வந்தது. அதே பதிப்பில், நிறத்தை மட்டும் நம்பாமல் வேறுபடுத்திக் காட்டு என்று பயனர் கேட்கும் அமைப்பும் வந்தது. செயலி அதை மதித்தால்தான் பலன். எங்கள் செயலி மதிக்கவில்லை.

கஷ்டம் கூட்டத்தில் இருந்தது. ஆரஞ்சை எடுக்க முடியாது என்றார்கள். பஸ்ஸில், பேருந்து நிலையத் தட்டியில், சட்டையில் எல்லாம் ஆரஞ்சு. ஒரு பயனருக்காக மாற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, மாதக் கடைசியில் எண்களைக் காட்ட வேண்டியவர். நான் மாமாவின் கதையைச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தை அச்சடித்து, கறுப்பு வெள்ளையில் போட்டோஸ்டாட் எடுத்து மேசையில் வைத்தேன். இதில் எந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று கேட்டேன். தாள் ஒரு சுற்று வந்தது. ஒருவர் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். வடிவமைப்பாளர் மட்டும் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், பிறகு கணினியைத் திறந்தார்.

ஆரஞ்சு பணம் கட்டும் பொத்தானில் தங்கியது. தேர்ந்தெடுத்த இருக்கைக்கு இண்டிகோ 900, கிட்டத்தட்டக் கறுப்பான கருநீலம். பச்சையோடு அதன் விகிதம் ஏறத்தாழ 6.3:1. அதன்மேல் வெள்ளையில் ஒரு டிக். ஏறத்தாழ நாற்பது வருடம் சுற்றி மறுபடி வெளிச்சமும் இருளும் இருந்த இடத்துக்கே வந்திருக்கிறோம் என்று அப்போது தோன்றியது.

2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது சாவியின் ஒரு பிரதி பயனரிடம் திரும்பியது. சுவர்ப்படத்திலிருந்து நிறங்களை எடுத்து அமைப்பு முழுக்கப் பூசும் வசதி அது, முதலில் கூகிளின் பிக்சல் கைப்பேசிகளில். பேத்தியின் படத்தை வைத்தால் அவள் சட்டையின் நிறம் பொத்தான்களுக்கு வரும். அழகான விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போய்ப் படித்தால் நல்ல கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்சப் படி என்று 0 முதல் 100 வரை ஓர் எண். இரண்டு நிறங்களுக்கு இடையே அந்தப் படியில் 40 வித்தியாசம் இருந்தால் வேறுபாட்டு விகிதம் 3:1க்குக் குறையாது, 50 இருந்தால் 4.5:1க்குக் குறையாது. சாயல் எதுவாகவும் இருக்கட்டும், படி காப்பாற்றும். ஆனால் பிராண்டை விட்டுக்கொடுக்க மனமில்லாத செயலிகள் இதை ஏற்காமல் தங்கள் நிறத்தோடே இருந்துவிடலாம். பல செயலிகள் அப்படித்தான் இருக்கின்றன. உங்கள் கைப்பேசியில் திரையைச் சாம்பலாக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். ஒருநாள் அதைப் போட்டுவிட்டு வழக்கமாகச் சாப்பாடு வரவழைக்கும் செயலியைத் திறந்து பாருங்கள்.

போன வருடம் தீபாவளிக்கு மாமா மறுபடி டிக்கெட் எடுத்தார். இந்த முறை அழைக்கவில்லை. திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 12ஆம் இருக்கை, ஒரே இருக்கை. கீழே குரல் பதிவு.

"இப்பத் தெரியுதுடா. கறுப்பு போட்டிருக்கியே, நல்ல நாளு அதுவுமா."

கருநீலம் மாமா என்று தட்டச்சு செய்தேன். பிறகு அழித்துவிட்டு, எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன்.